டிப்பர் லாரி எந்த ஊர் வழியாகப் போவது?

குவாரிக்கு அனுமதி கேட்டுப் போடும் மனுவோடு ஒரு வழித்தட வரைபடம் இருக்கும். கல் உடைக்கும் கிரஷரில் கிளம்பும் கோடு நெடுஞ்சாலையில் போய் முட்டும். நடுவில் இருக்கும் ஊர்களில் காலை எட்டு மணிக்கு யார் யார் ரோட்டில் நிற்பார்கள் என்பது அந்த வரைபடத்தில் இருக்காது. தகராறெல்லாம் பிறகு அங்கேதான் கிளம்பும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஜல்லியும் எம்-சாண்டுமாக (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) ஒரு நாளைக்கு 1,200 டன் வெளியேற்றும் கிரஷர் என்று வையுங்கள். பத்துச் சக்கர டிப்பருக்கு 2018 முதல் மொத்த எடை வரம்பு 28.5 டன். வண்டி எடை சுமார் 11 போனால் சரக்கு 17 டன் சொச்சம். ஆக 70 லோடு, போக வர 140 நடை. பத்து மணி நேரம் ஓடினால் நாலு நிமிடத்துக்கு ஒரு லாரி வீட்டு வாசலைக் கடக்கும். ஊர்க்காரர்களிடம் இதை இப்படியே சொல்ல வேண்டும். ‘எழுபது லோடுதான்’ என்று சொல்லிவிட்டு வந்தால், முதல் வாரத்திலேயே யாராவது திண்ணையில் உட்கார்ந்து எண்ணிவிடுவார்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கும் எடுபடாது.

அடுத்தது ரோடு. ஊராட்சிச் சாலைகளில் தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர். லாரி அகலம் 2.5 மீட்டர். எதிரெதிரே இரண்டு வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். இறங்கி ஏறும் இடத்தில் தார் விளிம்பு உடையும், மழைக்குப் பிறகு அதுவே பள்ளம். ஏரிக்கரை மேல் போகும் ரோடாக இருந்தால் இறங்கவும் இடமில்லை. இதற்கு நல்ல வழி, லோடு வண்டி ஒரு பாதை, காலி வண்டி இன்னொரு பாதை என்று ஒருவழிச் சுற்றாக விடுவது. ஆனால் காலி வண்டி போகும் ஊர் லேசில் ஒப்பாது, அதற்குக் காரணமும் உண்டு. லோடு வண்டியைவிடக் காலி வண்டிதான் வேகமாக வரும். வேகத்தடையில் பின்கதவு அடிக்கும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். பின்கதவுக் கொக்கியை இறுக்கிக் கட்டுவது, வேகத்தடையை 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 செ.மீ. உயரமாகச் சாய்த்துப் போடுவது, இந்த இரண்டையும் செய்தால் பாதிச் சண்டை குறையும். உள்ளூரில் கொட்டிவைக்கும் கூம்பு மாதிரியான மேடு சத்தத்தைக் கூட்டத்தான் செய்யும்.

கிராம சபை தீர்மானம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பாதை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். தலைமையாசிரியர், டவுன் பஸ் டிரைவர், பால் சொசைட்டிக்காரர், ஆடு ஓட்டுகிறவர், கூடவே டிப்பர் ஓட்டும் இரண்டு பேர். கோயில் முனையில் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கிச் சாக்கடை மூடியில் ஏறும் என்பதை டிரைவர்தான் சொல்வார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ‘ஊரைச் சுற்றிப் போகும் பாதை’ என்பது பல இடங்களில் காலனி வழியாகப் போகும் பாதை. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் அது ஒருமனதாக நிறைவேறிவிடும். அதனால் காலனியில் தனியாக ஒரு கூட்டம் போட்டே ஆக வேண்டும்.

எல்லா ஊரிலும் முதலில் கேட்பது பள்ளி நேரத்தில் தடை. நியாயம்தான். ஆனால் 8 முதல் 9.30 வரை ரோட்டை மூடினால், லோடு ஏற்றிய பத்து லாரிகள் ஊர் எல்லையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். 9.31-க்கு மொத்தமும் ஊருக்குள் நுழையும், அப்போதுதான் தாமதமாக வரும் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். வண்டியைக் கிரஷருக்குள்ளேயே நிறுத்தி, எடைமேடையில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு நடைச்சீட்டு என்று கொடுத்தால் இந்தக் கும்பல் சேராது. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை, இழந்த நடையை வேகத்தில்தான் பிடிப்பார். கூலி முறையைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

தூசி என்றதும் தார்ப்பாய் என்பார்கள். எம்-சாண்டில் சங்கதி வேறு. கழுவிய ஈரத்தோடு ஏற்றினால் வழியெல்லாம் சேறு சொட்டும், மத்தியானம் காய்ந்து அதுதான் புழுதியாகப் பறக்கும். குவியலில் தண்ணீர் வடிந்த பிறகு ஏற்றுவதற்கு ஈடான மருந்து கிடையாது.

அதிக பாரம் தனிக் கதை. அச்சு எடை 20 சதவீதம் கூடினால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடைச்சீட்டின் நகல் ஊராட்சிக்கும் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதையை ஒரேயடியாக முடிவு செய்யவும் வேண்டாம். அதே சட்டத்தின் 115-வது பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். அந்த ஒரு மாதத்தைச் சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் மட்டும் வைக்காதீர்கள், பள்ளி லீவு. ரோட்டில் நெல் காயப்போடும் மாதமாகப் பார்த்து வையுங்கள்.