பழைய சர்வரில் ஓஎஸ் ஏறாமல் நின்ற இடங்கள்

கையில் இருந்தது ரேக்கில் பொருத்தும் இரட்டை பிராசஸர் சர்வர். இன்டெல் ஜியான் எக்ஸ்5650, அதாவது 2010-இல் வந்த வெஸ்ட்மியர் தலைமுறை, டிடிஆர்3 இசிசி ரேம், டிஸ்க்குகளுக்கு எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ள கன்ட்ரோலர் கார்டு. பூட் ஆவது பழைய பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) முறையில். பேக்கப் எடுத்து வைக்க இதுவே தாராளம் என்பதால் ஆர்ஹெச்இஎல் (ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ்) 9 வழியில் வந்த ஒரு லினக்ஸைப் போட உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி இயந்திரங்களில் "இன்ஸ்டால் ஆகவில்லை" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதுதான் கேள்வி. ஏனென்றால் பழைய சர்வரில் ஒரு தடங்கலுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும், முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவது கண்ணில் படாது. கண்டதையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்தால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

முதல் தடங்கல் கறுப்புத் திரை. பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, மெனு வருகிறது, இன்ஸ்டால் என்று தேர்ந்தெடுத்ததும் திரை அணைந்துவிடுகிறது. மெனுவில் டேப் விசையை அழுத்தி, பூட் வரியில் இருக்கும் 'குவயட்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இதைச் செய்தால் கர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, ஒவ்வொரு வரியாகப் பேச ஆரம்பிக்கும், கடைசி வரி எது என்று பார்க்கலாம். வரிகள் ஓடி, கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறும் இடத்தில் திரை போனது. இந்தக் காலத்துச் சர்வர்களில் மேட்ராக்ஸ் ஜி200 வகைச் சிப்தான் பெரும்பாலும் இருக்கும். அதே பூட் வரியின் கடைசியில், கர்னல் திரை அமைப்பை மாற்றாமல் தடுக்கும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்ததும் திரை அணையாமல் இருந்தது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்ததுதான் உண்மையான வேலை. இன்ஸ்டாலர் அழகாகத் திறந்தது, மொழி கேட்டது, நேர மண்டலம் கேட்டது, டிஸ்க் பக்கத்துக்குப் போனால் ஒன்றுகூட இல்லை. பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. ஆனால் சர்வர் ஆன் ஆகும்போது கன்ட்ரோலர் கார்டு எல்லா டிஸ்க்கையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அப்படியென்றால் கேபிளும் டிஸ்க்கும் நன்றாகவே இருக்கின்றன, கோளாறு கர்னல் பக்கம்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்ஸ்டாலருக்குப் பின்னால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஒரு ஷெல் கிடைக்கும். பலர் இது இருப்பதையே கண்டுகொள்வதில்லை, எனக்கோ மொத்த வேலையும் இங்கேதான் நடந்தது. கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' என்ற ஆப்ஷனோடு கொடுத்தேன். கன்ட்ரோலர் பட்டியலில் இருந்தது, பக்கத்தில் 1000:0072 என்ற அடையாள எண்ணும் இருந்தது. மற்ற கார்டுகளுக்குக் கீழே எந்த டிரைவர் அதை இயக்குகிறது என்று ஒரு வரி வரும், இதற்குக் கீழே மட்டும் அந்த வரி இல்லை. கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, அதை எடுத்து நடத்த ஆள் இல்லை.

காரணம் இதுதான்: ஆர்ஹெச்இஎல் 8 வந்த 2019-இலேயே பழைய சேமிப்புக் கார்டுகள் பலவற்றின் எண்களை டிரைவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், எஸ்ஏஎஸ்2008 அதில் ஒன்று. இந்தக் கார்டை இயக்க வேண்டிய 'எம்பிடி3சாஸ்' டிரைவர் உள்ளே இருக்கும், இந்த எண்ணை மட்டும் அது ஏற்காது. ஆதரவுக் காலம் முடிந்தது என்ற வகையில் அது அறிவித்துச் செய்த மாற்றம்தான், வெளியீட்டுக் குறிப்பில் எண்களோடு பட்டியலே இருக்கிறது. பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் ஓஎஸ்ஸை இறக்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலைத் திறந்து தங்கள் கார்டின் எண்ணைத் தேட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஒரு தேடல் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வழி இரண்டு. எல்ரெப்போ என்ற தன்னார்வத் திட்டம் இந்த மாதிரி கார்டுகளுக்கு டிரைவர் டிஸ்க் தருகிறது. அதை 'ஓஇஎம்டிஆர்வி' என்று பெயரிட்ட இன்னொரு பென்டிரைவில் வைத்தால் இன்ஸ்டாலர் தானே எடுத்துக்கொள்ளும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது அந்தந்த வெளியீட்டின் கர்னலுக்குப் பொருந்த வேண்டும், பிற்பாடு ஒவ்வொரு முறை கர்னல் புதுப்பிக்கும்போதும் அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பேக்கப் சர்வர் நள்ளிரவில் தானாகப் புதுப்பித்து மறுநாள் டிஸ்க் இல்லாமல் எழுந்தால் யாருக்கு லாபம்? அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன்: ஆர்ஹெச்இஎல் வழியில் வரும் ஆல்மாலினக்ஸில், 2024-இல் வந்த 9.4-இலிருந்து இந்தப் பழைய எண்களைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் டிஸ்க்குகள் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் தெரிந்தன.

தெரிந்தன, ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. முன்பு வேறொரு ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் அமைப்பு) இருந்த டிஸ்க் அது, பழைய ரெய்டின் தடயம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் முதல் சில எம்பியைப் பூஜ்யத்தால் நிரப்பினால் போதும் என்று பரவலாகச் சொல்வார்கள், பல ரெய்டு வகைகளுக்கு அது போதாது, அவை தங்கள் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் எழுதுகின்றன. ஷெல்லில் 'வைப்எஃப்எஸ்' கட்டளையை ஆப்ஷன் எதுவும் இல்லாமல் கொடுத்தால் எதையும் அழிக்காது, எந்த இடத்தில் என்ன தடயம் என்று மட்டும் காட்டும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே'யில் சீரியல் எண்ணைப் பார்த்து, டிஸ்க் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, அப்புறம்தான் அழிக்கும் ஆப்ஷனோடு கொடுத்தேன். அந்த ஒப்பீட்டை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். நெட்வொர்க்கிலிருந்து பேக்கேஜ் எடுக்கும் கட்டத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வந்தது. நெட்வொர்க்கைச் சந்தேகிக்கத் தோன்றும், ஆனால் 'டேட்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் இயந்திரம் இன்னும் 2010-இல் இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. மாற்றினேன், தேதியைச் சரி செய்தேன், பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருந்தன என்பதால் பூட் வரிசையையும் திரும்ப அமைத்தேன்.

கடைசித் தடங்கல் பூட். பயாஸ் முறையில் பூட் ஆகும் இயந்திரம், டிஸ்க்கோ 4 டிபி. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை 512 பைட் செக்டாரில் 2 டிபிக்குச் சற்று மேல் வரைதான் எட்டும் என்பதால் புதிய ஜிபிடி முறை வேண்டும். ஜிபிடியில், ஓஎஸ்ஸை ஏற்றும் மென்பொருளான கிரப் தன் பகுதியை வைத்துக்கொள்ள எம்பிஆரில் இருந்த காலி இடம் கிடையாது, அதற்கென்று 1 எம்பி அளவில் 'பயாஸ்பூட்' பார்ட்டிஷன் ஒன்று தேவை. பார்ட்டிஷனை நாமே பிரிக்கும்போது இன்ஸ்டாலர் இதை எச்சரிக்கும், அதைத் தாண்டிப் போக வழி தேடாமல் அந்த 1 எம்பியைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கார்டின் சொந்த மெனுவிலும் எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று குறித்தேன், பயாஸில் கார்டை முன்னே வைப்பது மட்டும் போதவில்லை. இந்த வகைக் கார்டில் ஆன் ஆகும்போது கன்ட்ரோல், சி அழுத்தினால் அந்த மெனு வரும்.

ஏறிவிட்டது. இன்ஸ்டாலரின் லாக் கோப்புகள் ஓஎஸ்ஸுக்குள் 'வார்' அடைவின் 'லாக்' பகுதியில் 'அனகோண்டா' என்ற பெயரில் அப்படியே இருக்கின்றன, அவற்றை வேறு இயந்திரத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். ஆல்மா 9-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2032 மே வரை உண்டு. ஆர்ஹெச்இஎல் 10-க்குப் போக நினைப்பவர்கள் மட்டும் முதலில் 'எல்எஸ்சிபியு' கொடுத்து பிராசஸரில் 'ஏவிஎக்ஸ்2' என்ற கட்டளைத் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெஸ்ட்மியரில் அது கிடையாது, 10 அதைக் கட்டாயம் கேட்கிறது. இந்த மாதிரி பிராசஸர்களுக்கு ஆல்மா 10-இல் தனியாக வி2 பதிப்பு வெளியிடுகிறார்கள், அதைத்தான் எடுக்க வேண்டும்.