இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

ஆகஸ்ட் 15, 2025, வெள்ளி

ஆடி முடிந்ததும், கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்றிருந்தேன். இன்று காலை செங்கோட்டையில் பேசிய பிரதமர், தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. சீரமைக்கப்படும் என்று அறிவித்துவிட்டார். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு இப்போது 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் இருக்கின்றன. மாலைக்குள் 18 என்ற எண் அடிபடத் தொடங்கிவிட்டது. பத்து லட்ச ரூபாய் வண்டியில் எண்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும் என்றால் காத்திருப்பதுதான் புத்தி. என் இடது முழங்காலுக்கு அந்தக் கணக்குப் புரிவதில்லை. கோவை லட்சுமி மில் சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நின்றபோதே வலி தொடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காத்திருக்கிறவன் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்று மாருதி ஸ்விஃப்ட் ஏ.எம்.டி.யை அவிநாசி சாலையில் ஓட்டினேன். 2014-இல் செலிரியோவின் மூலம் இந்தியாவுக்கு வந்த ஏற்பாடுதான் இது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ், கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஓர் இயந்திரக் கையின் வேலை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இழுவை ஒரு கணம் அறுபட்டுத் தலை முன்னால் சாய்கிறது. அந்தக் கணத்தை முன்கூட்டியே உணர்ந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினால் மாற்றம் மென்மையாகிவிடுகிறது; ஆக, ஓட்டுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 2024-இல் வந்த மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு 82 குதிரைத்திறன்; முந்தைய நான்கு சிலிண்டருக்கு 90 இருந்தது. நகரத்துக்குள் அந்தக் குறை தெரியவில்லை. முன்பக்கம் இலேசாக இருப்பதால் வண்டி துடிப்பாகத் திரும்புகிறது, ஆனால் ஸ்டீயரிங் எதையும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஊர்ந்து செல்லும் நெரிசலில் ஏ.எம்.டி.யின் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்வதுதான் இரண்டு நாளாக என் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் பழைய ஃபோர்டு ஃபிகோவை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே மருதமலைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரத்தில் கிளட்ச் அதிகம் தேவைப்படுவதில்லை, வலியும் இல்லை. இந்த வண்டியின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 69 குதிரைத்திறன்தான். யாரும் இதை வேகமான வண்டி என்று சொன்னதில்லை. இதன் பெருமை முழுவதும் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. இன்ஜினின் பெல்ட்டால் சுழலும் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி உதவி செய்கிற ஹைட்ராலிக் ஏற்பாடு அது. வளைவில் முன்சக்கரம் எவ்வளவு பாரம் தாங்குகிறது, தார் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். நேராகப் போகும்போதும் அந்தப் பம்ப் சுற்றிக்கொண்டே இருப்பதால் எரிபொருள் வீணாகிறது என்று சொல்லி, தேவைப்படும்போது மட்டும் இயங்கும் மின்மோட்டாரை எல்லா நிறுவனங்களும் கொண்டுவந்துவிட்டன. 2015-இல் வந்த அடுத்த ஃபிகோவே மின் ஸ்டீயரிங்கோடுதான் வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு கார் செய்வதையும் 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் திறக்க விரும்புவதாகச் சென்ற ஆண்டு அரசிடம் கடிதம் கொடுத்தார்களே, அது என்ன ஆயிற்றென்று இன்று மறுபடியும் தேடிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி விடுமுறை என்பதால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஹூண்டாய் ஐ20 பார்க்கப் போனோம். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜினும், கியர்ப் படிகள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த வண்டி அது. நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நெரிசலில் இதைவிட அமைதியான வண்டியை அந்த விலைக்கு நான் ஓட்டியதில்லை. ஏ.எம்.டி.யில் உள்ள தலையசைப்பு இதில் அறவே கிடையாது. சட்டென்று முந்தலாம் என்று அழுத்தினால் மட்டும் முதலில் சத்தம் உயர்கிறது, வேகம் அதன் பின்னால் வருகிறது. வண்டி எனக்குப் பிடித்துப்போன வேளையில் அப்பா இறங்க முயன்றார். கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுறை எழுந்து பார்த்துவிட்டு, "கெணத்துக்குள்ள எறங்கி ஏறற மாதிரி இருக்குதப்பா" என்றார். உயரமான இருக்கை வேண்டும் என்பதை என் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

டீசல் வண்டி வைத்திருந்தவரை எத்தனால் கலந்த பெட்ரோல் என் கவலையாக இருந்ததில்லை. எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எனவே 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் ஓரளவு இறங்கத்தான் செய்யும். புதிய வண்டியின் இன்ஜின் அதற்கேற்பச் செய்யப்பட்டிருப்பதால் எத்தனால் ரப்பர் குழாய்களைக் கெடுத்துவிடும் என்ற பயமில்லை. இருந்தாலும் ஃபிகோ லிட்டருக்குப் பதினெட்டுக்குக் குறையாமல் கொடுத்துப் பழகிய எனக்கு, நகரத்துக்குள் பதினொன்று கொடுக்கப்போகும் ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

18 சதவீதம் என்பது உறுதியாகிவிட்டது; செஸ்ஸும் இல்லை; செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வருகிறது. விற்பனைப் பிரதிநிதி காலையிலேயே அழைத்து, "அதுவரைக்கும் ஒரு வண்டிகூட வெளிய போகாதுங்க சார், நடுவுல பித்ரு பட்சம் வேற" என்று சலித்துக்கொண்டார். நாளை திருவோணம், வாளையாறுக்கு அப்பால் ஓணத்துக்கு வண்டி எடுக்க இருந்தவர்களும் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஹோண்டா அமேஸ் சி.வி.டி.யை ஓட்டினேன். 90 குதிரைத்திறன் தரும் அந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் இழுத்து ஓட்டினால் பாடுகிறது. 416 லிட்டர் டிக்கியில் அப்பாவின் மடக்கு நாற்காலி நிமிர்ந்தே நிற்கும். மெதுவாக ஊர்வதில் இதுவும் ஐ20-க்குச் சளைத்ததல்ல. ஆனால் இதில் உள்ள கேமரா, சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் தானே திருத்தக்கூடியது. கோடு பாதியில் நின்றுபோகும், இல்லாவிட்டால் பழைய கோடும் புதிய கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் நம் சாலைகளில் ஸ்டீயரிங்குக்குள் இன்னொரு கை இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை அணைத்து வைக்கலாம் என்று உடன் வந்த இளைஞர் சொன்னார். அணைத்து வைப்பதற்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

செப்டம்பர் 10, புதன்

ஃபிகோவைப் பார்க்கத் தரகர் ஒருவர் வந்தார். 2011-ஆம் ஆண்டு வண்டி, வரும் மார்ச்சில் பதினைந்து ஆண்டுகள் முடிகின்றன, ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஐயாயிரம் ரூபாயும் பசுமை வரியும் தகுதிச் சோதனையும் இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்கே சொன்னார். புது வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கும் என்பது அவருடைய அடுத்த வாதம், அது நியாயமும்கூட. பானெட்டைத் திறந்தார், டயரை உதைத்தார், அடியில் குனிந்து துருவைத் தேடினார், இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். வண்டியை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் சொன்ன விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. விற்காமல் வைத்துக்கொண்டால் இரண்டு காப்பீடு, இரண்டு பேட்டரி, ஒரே ஒரு நிறுத்துமிடம் என்று என் மனைவி விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

செப்டம்பர் 13, சனி

ஸ்கோடாவின் சிறிய எஸ்.யு.வி. கைலாக். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இவற்றைவிட எனக்கு முக்கியமானது, இதன் ஆறு வேக ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் என்பதே. இன்ஜினும் கியர்பாக்ஸும் உலோகத்தால் உரசிக்கொள்ளாமல், எண்ணெயில் சுழலும் இரண்டு விசிறிச் சக்கரங்களின் வழியாகச் சக்தி கடத்தப்படுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே மெல்ல நகர்கிறது, அப்படி ஊரும்போது தேய்வதற்கு ஏ.எம்.டி.யில் உள்ளதுபோன்ற கிளட்ச் இல்லை. மருதமலை ஏற்றத்தில், ஒரு வேனுக்குப் பின்னால் வேண்டுமென்றே நின்று நின்று ஏறினேன். பின்னோக்கி ஒரு விரல்கடைகூட நழுவவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளுக்குக் கீழே சுழலும்போது டர்போ விழிக்கும்வரை ஒரு சோம்பல் இருக்கிறது, அதன் பிறகு கிடைக்கும் இழுவை டீசல்காரனுக்குப் பழகியதுதான். ஸ்டீயரிங் மின்சாரம்தான் என்றாலும், வேகம் கூடக்கூடக் கனத்து நேராக நிற்கிறது. அது பேசுவதில்லை, பொய்யும் சொல்வதில்லை. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் நெருக்கம், எங்கள் வீட்டில் நடுவில் உட்காரப்போகிறவர் யாருமில்லை. அப்பா ஏறவும் இறங்கவும் எதையும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஃபிசியோதெரபியில் இன்று புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அது அச்சு அசலாகக் கிளட்சை மிதிப்பதுபோலவே இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று மகாளய அமாவாசை, இன்று நவராத்திரி, இன்றே புது வரி. இவ்வளவு பொருத்தமாக நாள் குறிக்க ஜோசியராலும் முடியாது. கைலாக் ஆட்டோமேட்டிக்குக்கு முன்பணம் கட்டினேன். சாலையிலிருந்த எல்லா ஷோரூம்களிலும் திருவிழாக் கூட்டம். ஹூண்டாய் நிறுவனம் மட்டுமே இன்று ஒரே நாளில் ஏறத்தாழ 11,000 வண்டிகளை விநியோகஸ்தர்களுக்கு விற்றதாக இரவுச் செய்தியில் சொன்னார்கள். ஆயுத பூஜைக்கு வண்டி கிடைக்குமா என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 1, புதன்

ஃபிகோவுக்கே சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினோம்.

அக்டோபர் 11, சனி

அவிநாசி சாலை மேம்பாலத்தை வியாழனன்று முதல்வர் திறந்துவைத்தார். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இன்று ஃபிகோவில் ஏறினேன். ஏறுதளத்தில் நான்காவது கியர், பிறகு ஐந்தாவது. அதன் பின் இறங்கும்வரை கிளட்சின் பக்கமே கால் போகவில்லை. எந்த நெரிசலில் ஊர்ந்து பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் மதிப்பெண் போட்டேனோ, அதே நெரிசல் எனக்குக் கீழே சிக்னலுக்குச் சிக்னல் நின்றுகொண்டிருந்தது. இதை இன்னும் ஆறு மாதம் முன்னதாகத் திறந்திருந்தால் நான் ஆட்டோமேட்டிக்கைத் தேடியே இருக்க மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மேம்பாலத்தில் மருத்துவமனைக்கு இறங்குகிற வழி இல்லையே என்றாள் இவள்.

அக்டோபர் 15, புதன்

வண்டி வந்துவிட்டது. சாவியை வாங்கும்போது பெரிய ரிப்பன் கட்டிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சடங்கை நான் தவிர்த்துவிட்டேன். முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு இன்ஜினை முழுக்க மிதிக்காமலும் ஒரே வேகத்தில் ஓட்டாமலும் இருக்க வேண்டும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு படிவதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும், அதற்குப் பழைய அவிநாசி சாலையைவிட நல்ல இடம் கிடையாது. மேம்பாலத்துக்குக் கீழேயே வீடு வந்து சேர்ந்தேன். மைலேஜ் 9.8 என்று மீட்டர் காட்டியதை யாருக்கும் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஃபிகோ இன்னும் வாசலில்தான் நிற்கிறது. புது வண்டி பக்கத்துக் காலிமனையில் நிற்கிறது. நாளை தீபாவளி. செவ்வாயன்று மழை விட்டால் கோத்தகிரி வழியாக ஏறிக் குன்னூர் வழியாக இறங்கலாம் என்றிருக்கிறேன். ஏற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. இறக்கத்தில் ஃபிகோவை இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலையே இருக்காது. அந்தப் பிடி இந்தச் சிறிய டர்போவிடம் எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை, இது மேல் கியருக்குத் தாவவும் கூடும். கையால் மாற்றும் நிலையில் இரண்டாவதிலேயே நிறுத்திவைத்தால் எவ்வளவு பிடிக்கிறது என்பதை பர்லியாறுக்கு மேலேயுள்ள வளைவுகளில் பார்த்துவிட்டுத்தான் எழுத முடியும். முடிந்தால் அதற்கு முந்தைய வாரமே ஃபிகோவிலும் ஒருமுறை இறங்கி ஒப்பிட்டிருக்கலாம், ஆனால் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.