பனி விலகிய நிலமும் துணை தேடாத பிரிமுலாவும்

பிரிமுலா ஃபரினோசா என்ற சிறு பூச்செடி பூத்திருக்கும் ஈரப் புல்வெளியில், பூவைப் பறிக்காமல் மேலிருந்து குழல் வாயைப் பாருங்கள். சில செடிகளில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி குண்டூசித் தலைபோல வாயில் நிற்கும், மகரந்தப்பைகள் நடுக்குழலில் ஒளிந்திருக்கும்; இவை நெடுஞ்சூல் பூக்கள். மற்றவற்றில் மகரந்தப்பை மேலே, சூல்முடி கீழே; இவை குறுஞ்சூல் பூக்கள். நெடுஞ்சூல் பூவுக்குக் குறுஞ்சூல் பூவின் மகரந்தம் வேண்டும், குறுஞ்சூல் பூவுக்கு நெடுஞ்சூல் பூவினுடையது. ஒரே வகைக்குள் சேர்ந்தால் விதை சரியாகப் பிடிக்காது. பிரிமுலாவின் இந்த ஏற்பாட்டை டார்வின் 1862-இலேயே விளக்கிவிட்டார்.

ஸ்காட்லாந்தின் வடகரையிலும் ஆர்க்னி தீவுகளிலும் மட்டும் வளரும் பிரிமுலா ஸ்காட்டிகாவில் இந்த இரண்டு வகையே கிடையாது. எல்லாப் பூவிலும் சூல்முடியும் மகரந்தப்பையும் ஒரே உயரம். பூச்சி வராத குளிர்நாளிலும் விதை கட்டிவிடும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பனி உருகிய வெற்று மண்ணில் ஒற்றை விதை விழுந்து முளைத்தால், ஃபரினோசா போன்ற செடிக்கு எதிர்வகைத் துணையும் வேண்டும், வண்டோ ஈயோ வேண்டும். தானே சேரும் செடிக்கு இரண்டும் தேவையில்லை. தனித்து வந்தேறும் செடிகளுக்குள்ள இந்தச் சாதகத்தை 1955-இல் தாவரவியலாளர் பேக்கர் எடுத்துச் சொன்னார்.

ஆனால் பனியை மட்டும் காரணம் சொல்வது அவசரம். ஃபரினோசாவும் ஸ்வீடன் வரை ஏறியிருக்கிறதே! அதன் குரோமோசோம்கள் 18. ஸ்காட்டிகாவில் 54; அதைப் போலவே தானே சேரும் உறவினங்களான ஸ்காண்டிநேவிகாவில் 72, ஸ்ட்ரிக்டாவில் 126. பனியால் பிரிந்திருந்த வம்சங்கள் மீண்டும் சந்தித்துக் கலந்ததில், குரோமோசோம் தொகுதிகள் பெருகிய இந்தப் பன்மடிச் செடிகள் பிறந்திருக்கலாம். பன்மடியும் தன்சேர்க்கையும் இங்கே கைகோத்தே வருவதால், எது எதை இழுத்தது என்று பிரிப்பது கடினம்.

இரு வடிவம் உடைவது எப்படி என்பதற்குத் தோட்டப் பிரிமுலாக்களில் தெளிவான விடை உண்டு. குறுஞ்சூல் செடியில் மட்டும் இருக்கும் ஒரு மரபணு, சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டை நீட்டும் பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோனைச் சிதைக்கிறது. அது பழுதானால் தண்டு நீண்டு, ஏற்கெனவே மேலே நிற்கும் மகரந்தப்பையைத் தொடும். சூல்முடி நெடுஞ்சூல் குணம், மகரந்தம் குறுஞ்சூல் குணம். அதனால் தன்சேர்க்கையும் பலிக்கும்.

ஒரு செடி பூச்சியில்லாமல் விதை கட்டுகிறதா என்று சோதிக்க விரும்பினால் மொட்டிலேயே மெல்லிய வலைப்பை கட்டுங்கள். வலை சூல்முடியில் உரசக்கூடாது. கையால் அயல்சேர்க்கை செய்யும்போதுதான் பெரும்பாலான தவறு நடக்கிறது: மகரந்தப்பை இதழ்க்குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், நெடுஞ்சூல் பூவில் அதை நீக்கக் குழலை மேலே உருவினால் அது சூல்முடியைத் தேய்த்துக்கொண்டே வெளியேறும். மகரந்தப்பை வெடிக்கும் முன்பே, மொட்டில், குழலை நீளவாக்கில் ஊசியால் கீறிப் பக்கவாட்டில் விலக்குங்கள்.