1,000 மடங்கு கனத்த ஐஸ்

போன வாரம் ஒருவழியாக எம்.டெக் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கடலில் நிற்கும் தூணில் ஐஸ் பாளம் வந்து மோதினால் எவ்வளவு விசை வரும் என்று சிமுலேஷனில் பார்ப்பதுதான் வேலை. "பாண்டிச்சேரியில் ஏதுப்பா ஐஸ்?" என்று கேட்காத ஆள் இல்லை. 1969-ல் சீனாவின் போஹாய் கடலில் ஐஸ் தள்ளி எண்ணெய் மேடையே சாய்ந்த கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மாடல் கட்டியதெல்லாம் இரண்டு நாள் வேலை. 10 மீட்டர் அகலத் தூண், 1 மீட்டர் தடிமனுள்ள ஐஸ். முதல் ரன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பக்கத்து சீட்டு நண்பனுக்கு ஒவ்வொரு ரன்னும் இரண்டு நாள் இழுக்கும்போது எனக்கு மட்டும் ஒன்றரை மணி! மெஷ் போடுவதில், அதாவது மாடலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பதில், நமக்குக் கை ராசி என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரத்தை ஓட்டினேன்.

கைடு கிராஃபைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கையால கணக்குப் போட்டுப் பாத்தியா?" போடவில்லை. ஐஸ் உள்ள கடலில் கட்டும் மேடைகளுக்கான சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 19906. அதில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. பால்டிக் மாதிரிக் கடலுக்கு 1.8 மெகா பாஸ்கலில் ஆரம்பித்து, தூணின் அகலம் ஐஸின் தடிமனைப்போல் எத்தனை மடங்கோ அதற்கேற்ப அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரும். என் தூணுக்கு 1.25 மெகா பாஸ்கல், ஐஸ் மோதும் 10 சதுர மீட்டருக்கு மொத்த விசை 12.5 மெகா நியூட்டன். கிட்டத்தட்ட 1,270 டன் பாரம். என் ரன்னில் வந்தது இதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

தப்பு அடர்த்தியில். சாஃப்ட்வேருக்கு அலகு தெரியாது, நாம் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். நான் வரைந்தது மில்லிமீட்டரில், அப்படியானால் எடையை டன்னில் கொடுக்க வேண்டும். கிலோவில் கொடுத்திருந்தேன். ஐஸ் 1,000 மடங்கு கனத்துவிட்டது. அடர்த்தி அவ்வளவு ஏறினால் ஐஸுக்குள் அலை ஓடும் வேகம் 32-ல் ஒரு பங்காகும், டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒரு தாவலில் முன்னேறும் நேரம், அதே அளவு பெரிதாகும், தாவல்கள் குறையும். ரன் சீக்கிரம் முடிந்தது கை ராசியால் அல்ல. காரணமே இல்லாமல் ரன் வேகமாக முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், முதலில் அலகுகளைப் பாருங்கள்.

திருத்தியதும் ஒரு ரன்னுக்கு 48 மணி நேரம். லேப் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ராத்திரி மெஷின் ஓடக் கடிதம் வேண்டும், அதில் கைடு கையெழுத்து, எச்.ஓ.டி கையெழுத்து, சீல். கொண்டுபோனால், "தேதி போடலையே தம்பி" என்றார் லேப் அசிஸ்டண்ட். தேதி போட்டுக் கொண்டுபோனால், "மெஷின் நம்பர் எங்க?" நம்பரும் எழுதிக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் கேட்டே பூட்டியிருக்கிறது. நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிய நாள். கடலூரில் அன்றைக்கு எல்லாம் திறந்திருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போய்வருகிறவர்கள் இதையும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாளான ஆகஸ்ட் 16-ஐயும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக ரன் ஓடியது. 31-வது மணி நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் அரை மணி தாங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் ஃபைல் எழுதச் சொல்லி நான் டிக் அடிக்கவே இல்லை. மறுபடி முதலிலிருந்து.

அடுத்த தலைவலி, விசை ஏறிய வேகத்தில் பூஜ்யத்துக்கு விழுந்தது. ஏன் என்று கடலூர் முதுநகர் துறைமுகத்தில்தான் புரிந்தது. அங்கே ஐஸ் பாரை மெஷினில் தள்ளி நொறுக்குவதைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கும் பாருக்கும் நடுவே தூள் இறுகி அடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மாவு மாதிரி பிதுங்கி வந்தது. நொறுங்கிய பிறகும் அது தள்ளிக்கொண்டுதான் இருந்தது. என் மாடலிலோ உடைந்த எலிமெண்ட்டை, அதாவது மெஷ்ஷின் ஒரு துண்டை, சாஃப்ட்வேர் அழித்துவிடுகிறது, தூணுக்கும் ஐஸுக்கும் நடுவே வெறும் இடைவெளி. பிறகு விசை எங்கிருந்து வரும்? மீனுக்குப் போடும் ஐஸில் உப்பு இல்லை, கடல் ஐஸின் வலிமையை அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அந்தத் தூள் போதுமானதாக இருந்தது. எலிமெண்ட்டுகளுக்கு நடுவே பசை மாதிரி ஒட்டவைத்து, விசை மீறினால் விட்டுவிடும் கொஹீசிவ் எலிமெண்ட் வைத்து, உடைந்த துண்டு அழியாமல் பார்த்துக்கொண்டேன். கிராஃப் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. உச்சம் 11.3 மெகா நியூட்டன். சூத்திரம் சொல்வது டிசைனுக்கான உச்சக் கணக்கு, அதற்குக் கொஞ்சம் கீழே நின்றதே எனக்குப் பெரிய நிம்மதி.

நேற்று நோ டியூ ஃபாரத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். ராத்திரி பர்மிஷன் லெட்டரின் ஒரிஜினலைக் கேட்கிறார் அதே லேப் அசிஸ்டண்ட். அதை வாங்கி ஃபைலில் வைத்தவரே அவர்தான்.