சத்தமே போடாத ஒரு சீன்

புதுசா ஆரம்பிச்சிருக்கிற ஒரு டிவி சீரியல்ல, வேலை போன புருஷன் வீட்ல சொல்லாம தினமும் பேக்க மாட்டிக்கிட்டு ஆபீஸ் போற மாதிரியே கெளம்புறான், சாயங்காலம் வந்து டிபன் பாக்ஸ அவனே கழுவி கவுத்து வைக்கிறான்.

கல்யாணமானதுலருந்து ஒரு டம்ளர் கூட கழுவாத மனுஷன்.

பொண்டாட்டி அந்த ஈர டப்பாவ எடுத்துப் பாக்குறா. அவ்ளோதான். அழல, ஒண்ணும் கேக்கல. மறுநாள் காலைல ஒரு கரண்டி கூடுதலா வச்சுக் குடுத்து விடுறா.

பின்னணி இசை கூட இல்லங்க!

வழக்கமா இந்த இடத்துல இடி இடிக்கும், வீட்ல உள்ள அத்தன பேர் மூஞ்சிக்கும் மூணு மூணு தடவ குளோசப் போகும், அரை மணி நேரத்துல விளம்பரம் போக மிஞ்சுற 20 சொச்சம் நிமிஷமும் அதுலயே ஓடிரும்.

நான் பாத்த குடும்பங்கள்ல யாரும் யாருக்கும் விஷம் வைக்கல. ஆனா கையில காசில்லாத மாசம் யாரு பசிக்கலன்னு சொன்னாங்க, யாரு ஆசப்பட்டத கேக்காம விட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் தொறக்க மாட்டாங்க.

டைரக்டர் சார், டிஆர்பி வரலன்னு தயவுசெஞ்சு ஒரு வில்லிய உள்ள கொண்டு வந்துராதீங்க.