30 பென்ஸ்

இங்கிலாந்தில் படித்தபோது நான் வேலை பார்த்த பப்புக்கு நாலு மணிக்கு வரும் பெரியவர் ஒருவர், சில்லறையை எண்ணி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இரண்டு பவுண்ட் நாணயம் இரண்டு, அதன்மேல் ஒரு 20 பென்ஸ்: ஒரு பைண்ட் பிட்டருக்கு, அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலான கசப்பு பீருக்கு. பார் டவல்மேல் வைத்தால் சத்தம் வராது என்று தள்ளி மரத்தின்மேல் வைப்பார். நான் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாக பிட்டர் பம்புக்குப் போய்விடும்.

2025 ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை, நாலு மணி. சத்தம் கேட்டது. நான் பம்பைத் தொடாமல், "4.50 ஆயிடுச்சு" என்றேன்.

"ஏப்ரல் ஃபூல் எல்லாம் பகல் பன்னிரண்டோட முடிஞ்சுது, மேட்."

நான் சிரிக்கவில்லை. அவர் விடவில்லை. "பைண்டுக்கு ஒரு பென்னி குறையும்னு நிதியமைச்சரம்மா பார்லிமென்ட்ல சொன்னாங்களே, அது என்னாச்சு?"

அது உண்மைதான். முந்தைய அக்டோபர் பட்ஜெட்டில் ரேச்சல் ரீவ்ஸ் சொன்னார், பிப்ரவரியில் அமலுக்கும் வந்தது. பப்பில் பம்பிலிருந்து ஊற்றும் பீருக்கான வரியில் 1.7 சதவீதம் குறைப்பு. ஒரு பைண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு பென்னிக்கும் கொஞ்சம் குறைவு.

காலையிலேயே லேண்ட்லேடி, அதாவது பப்பை நடத்துகிற அம்மா, எங்களிடம் சொல்லியிருந்தார்: "யாராவது கேட்டா, எல்லாமே ஏறுதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல பேச்சு வேண்டாம்." நல்ல யோசனை. எல்லாமே ஏறுகிறது என்றால் அவரும் தலையாட்டியிருப்பார், வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி போயிருக்கும். நான் சொன்னது வேறு.

"என் சம்பளம் ஏறியிருக்கு. இன்னையிலேர்ந்து மணிக்கு 77 பென்ஸ் கூட."

அவர் என்னைப் பார்த்தார். "நல்லது. உனக்கு வர வேண்டியதுதான்" என்றார். பிறகு அந்த 20 பென்ஸை மட்டும் விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப ஒரு ஹாஃப் குடு."

ஹாஃப், அதாவது அரை பைண்ட், 2.25. மிச்சம் 1.75 கொடுத்தேன். அதுவரை அவருக்கு மிச்சம் என்று எதையும் நான் எண்ணிக் கொடுத்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் சங்கடப்பட என்ன இருக்கிறது என்று உடன் தங்கியிருந்தவன் கேட்டான். நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னது பொய்யில்லையே. குறைந்தபட்சச் சம்பளம் அன்றுதான் 11.44-லிருந்து 12.21 ஆனது. ஒளிக்காமல் காரணத்தைச் சொன்னேன். நேர்மைதானே?

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அவர் கவென்ட்ரியில் கார் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் நான் "சார்" என்று கூப்பிட்டதற்கு, "ஃபேக்டரியில ஃபோர்மேனைக்கூட நாங்க சார்னு சொன்னதில்ல, நீ ஏன் என்னைச் சொல்ற?" என்று கடிந்துகொண்டவர். யூனியன்காரர். சம்பள உயர்வு கேட்டுக் குளிரில் ஃபேக்டரி வாசலுக்கு வெளியே நின்ற கதையை எனக்கே இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், விலை ஏறியதற்குக் காரணம் என் சம்பளம் என்றால் அவர் என்ன பதில் சொல்ல முடியும்? "உனக்கு வர வேண்டியதுதான்" என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வராது. அதைத் தெரிந்துதான் சொன்னேனா, வாயில் வந்ததைச் சொன்னேனா என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

பப்கள் ஏன் மூடப்படுகின்றன என்று கேட்டால் கவுன்ட்டரில் ஆளுக்கொரு குற்றவாளி வைத்திருப்பார்கள். ஜன்னலோரத்தில் நாயோடு உட்காருகிறவருக்கு 2007-இல் வந்த புகைத் தடை. டார்ட்ஸ் கோஷ்டிக்கு சூப்பர் மார்க்கெட். ஒரு பைண்ட் காசுக்கு அங்கே நாலு கேன் வாங்கிவிடலாம் என்பார்கள். லாக்டவுனில் வீட்டிலேயே குடித்துப் பழகியவர்கள் திரும்பி வரவே இல்லை என்பது சமையற்காரர் கட்சி. நம்ம நாலு மணிக்காரர் மட்டும் 1989 வரை போவார். பெரிய பீர் கம்பெனிகள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் பப் வைத்திருந்தார்களாம். அதை அரசாங்கம் சட்டம் போட்டு உடைத்ததாம். உடைந்த துண்டுகளைப் பொறுக்கியவர்கள் பீர் காய்ச்சத் தெரியாத, வாடகை மட்டும் வசூலிக்கத் தெரிந்த கம்பெனிகளாம். இதில் பெரும்பகுதி உண்மைதான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நூற்றாண்டு தொடங்கியபோது 60,000-க்கு மேல் இருந்த பப்கள் இப்போது 45,000 அளவில் நிற்கின்றன.

இத்தனை குற்றவாளிகளில் ஒருவர்கூட எங்கள் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றதில்லை. நான்தான் வலியப் போய் நின்றேன்.

அன்று இரவு பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.50-இல் வாட் மட்டும் 75 பென்ஸ். 4 சதவீத பிட்டர் என்றால் மதுவரி சுமார் 43 பென்ஸ். இது போக, லேண்ட்லேடி அப்படியொரு கம்பெனியின் குத்தகைக்காரர் என்பதால் பீரையும் கம்பெனியின் பட்டியலிலிருந்து, கம்பெனி சொன்ன விலைக்குத்தான் எடுக்க வேண்டும். அதே ஏப்ரலில் கட்டட வரிச் சலுகை 75 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. 100-க்கு 25 கட்டிக்கொண்டிருந்தவர் இனி 60 கட்ட வேண்டும். ஆக என் 77 பென்ஸ் இதில் ஒரு ஓரம். நான் சொன்னது தப்பு என்று முடிவுக்கு வந்தேன்.

மறுநாள் இன்னொரு கணக்கு தோன்றியது. செவ்வாய் மத்தியானம் நாலிலிருந்து ஐந்துக்குள் நான் விற்பது மூன்று பைண்ட். பைண்டுக்கு 30 வீதம் 90 பென்ஸ் கூடுதல். வாட் போனால் 75. என் சம்பள உயர்வோ 77. இரண்டு பென்ஸ் இடிக்கிறது! அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது பென்னி சுத்தமான உண்மை. இந்தக் கணக்கு கிடைத்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வேறு ஒன்று நடந்தது. அங்கே டிப்ஸ் என்று வைக்கமாட்டார்கள். பிடித்தமானவனாக இருந்தால் "உனக்கும் ஒண்ணு எடுத்துக்கோ" என்பார்கள்; நாம் ஒரு ஐம்பது பென்ஸ் எடுத்து டம்ளரில் போட்டுக்கொள்ளலாம். அவர் வெள்ளிதோறும் சொல்வார். அன்று ஹாஃபை எடுத்துக்கொண்டு நகரும்போது, "இனிமே உனக்கு ஒண்ணு எடுத்துக்கோன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அதை உள்ளயே சேத்துட்டாங்க" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கிண்டலா, குத்தலா? அந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

(வீட்டில் நான் பப்பில் வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை. ஹோட்டல் என்று சொல்லியிருந்தேன். சாராயம் விற்கிற இடத்தில் ஒரு பெரியவரின் மனம் நோகப் பேசிவிட்டேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? முதல் பாதியிலேயே பேச்சு நின்றுவிடும்.)

வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு இரண்டு பைண்ட் குடித்தவர், இரண்டு ஹாஃபுக்கு வந்துவிட்டார். முன்பு அவரால் வாரத்துக்கு 50.40 வந்தது, இப்போது 27. கூடுதலாகக் கேட்ட 30 பென்ஸ் கிட்டத்தட்டப் பாதி வருமானத்தைக் கொண்டுபோய்விட்டது. பிட்டர் பீப்பாய் ஒன்று 72 பைண்ட். திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும், அப்புறம் புளிப்பு ஏறிவிடும். ஓட்டம் குறையக் குறைய, கடைசிப் பத்துப் பன்னிரண்டு பைண்டைச் சாக்கடையில்தான் ஊற்றினோம். லேண்ட்லேடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், எதுவும் சொல்லமாட்டார். எங்கள் எல்லாருக்கும் 12.21 கொடுத்த அவர், தனக்கென்று சம்பளம் எடுத்து நான் பார்த்ததில்லை. வருடக் கடைசியில் சாவியைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் எனக்குப் படிப்பு முடிந்து வேறு ஊர்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். பாரில் வேறு யாருமில்லை. அவர் ஹாஃப் கேட்டார். நான் பைண்ட் கிளாஸை எடுத்து, நிதானமாக இரண்டு இழுப்பு இழுத்து, விளிம்புவரை நிரப்பி, பில்லில் ஹாஃபுக்கு மட்டும் அடித்து, அவர் முன்னால் வைத்தேன். என்னுடைய தாராளம். லேண்ட்லேடியின் பீர்.

"நான் ஹாஃப்தான் கேட்டேன்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அவர் வேறு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பேப்பரை விரித்துக் குறுக்கெழுத்துப் போட்டார். ஐந்தேகாலுக்கு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கிளாஸைக் கவுன்ட்டரில் கொண்டுவந்து வைத்துவிட்டு "வரேன்" என்று கிளம்பினார். கிளாஸில் சரியாகப் பாதி இருந்தது. அந்தக் கிளாஸில் அளவுக்கோடு எதுவும் கிடையாது.

வேஸ்டேஜ் ஷீட்டில் பிட்டர், அரை பைண்ட் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "நுரை" என்று போட்டேன்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார். 2.25-ஐ எண்ணி மரத்தின்மேல் வைத்தார். ஹாஃப் என்று சொல்லிவிட்டு, என் கை எந்தக் கிளாஸுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.