டாலர் யார் கைக்குப் போகிறது

2003 ஜூலையில் அமெரிக்கா பர்மாப் பொருட்களுக்கு இறக்குமதித் தடை போட்டபோது, நான் ரங்கூனின் தொழிற்சாலைப் பகுதியான லைங்தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். துணி வெளிநாட்டிலிருந்து வரும். வெட்டித் தைத்து பேக் செய்து அனுப்புவோம். கூலி மட்டும்தான் எங்களுக்கு. அந்த மே மாதம் தெபயின் ஊர்ப் பக்கம் ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூ கியின் வாகனங்களை மறித்துப் பலரை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. ராணுவத்துக்கு இது நல்ல அடி என்று எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

அடி விழுந்த இடம் வேறு. அமெரிக்க ஆர்டர் நின்றது. கணக்கு முடிக்கிற நாளில் தையல் பெண்கள் என் மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் ஐராவதி டெல்டா கிராமத்துப் பிள்ளைகள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கையில் சோற்றுக் கேரியர். ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: "சயா (ஐயா), அமெரிக்காவுக்கு எங்கள் மேல் என்ன கோபம்?" கோபம் உங்கள் மேல் இல்லை அம்மா என்றேன். "அப்புறம் ஏன் எங்கள் வேலை போகிறது?" என்றாள். பின்னால் நின்றவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நூறு ஆலைகளுக்கு மேல் மூடியதாகவும் 50,000 முதல் 60,000 பேர் வேலை இழந்ததாகவும் பிறகு அமெரிக்க வெளியுறவுத் துறையே கணக்குச் சொன்னது. ராணுவத்தின் வரவோ நிற்கவில்லை. அந்தமான் கடலில் எடுக்கிற எரிவாயு குழாய் வழியே தாய்லாந்துக்குப் போனது, பணம் அரசுக் கணக்குக்கு வந்தது. டாலரில் எல்.சி. (வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) திறக்க முடியாமல் ஏற்றுமதிக்காரர்கள் யூரோவுக்கு மாறினார்கள்.

தடையால்தான் 2011இல் ஆட்சி இளகியது என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் கால்வாசி இடத்தை 2008 அரசியல் சட்டத்தில் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் ராணுவம் கதவைத் திறந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று அதுவே அடைத்தும்விட்டது.

தையல் ஆலைக்குப் பிறகு பருப்பு ஏற்றுமதி அலுவலகத்துக்கு வந்தேன். சென்னைக்கு உளுந்து அனுப்புகிற வேலை. அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது: ஏற்றுமதியில் வருகிற டாலரில் 65 சதவீதத்தை 2,100 கியாட் (பர்மா நாணயம்) விலையில் மாற்றியே ஆக வேண்டும். வெளியில் டாலர் 3,000ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்படி மாற்றிய ஒவ்வொரு டாலருக்கும் 900 கியாட்டுக்கு மேல் போயிற்று. அந்த நஷ்டத்தை ஏற்றுமதிக்காரர் சுமப்பாரா? கொள்முதல் விலையில் கழித்துக்கொள்வார். கடைசியில் பகோ பக்கத்து உளுந்து விவசாயி தலையில்தான் விடியும். ராணுவம் யார் பையிலிருந்து எப்படி டாலர் எடுக்கிறது என்பதை நான் எழுதுகிற பேரேடே காட்டியது.

அதனால்தான் 2023 ஜூனில் அமெரிக்கா இரண்டு அரசு வங்கிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்ததை நான் வரவேற்கிறேன். தையல் மிஷின் முன்னால் இருக்கிற பெண்ணை விட்டுவிட்டு, ஆயுதத்துக்குப் பணம் போகிற வழியில் கை வைத்த தடை அது. பர்மாவுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2024இல் சொன்ன கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டு வங்கிகள் வழியே ராணுவம் வாங்கிய சரக்கு ஒரே வருடத்தில் சுமார் 37.7 கோடி டாலரிலிருந்து 25.3 கோடியாக இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்தது 11 கோடியிலிருந்து ஒரு கோடிச் சொச்சம் ஆனது. அதே வருடம் தாய்லாந்து வழி இரண்டு மடங்கானது என்பதையும் அவர்தான் சொன்னார்.

இனி, ஜனங்கள் நாட்டை விட்டு வெளியேறினால் ராணுவம் பலவீனமாகுமா என்பதற்கு வருகிறேன். இதில் நம் தமிழர்களுக்கு அனுபவம் அதிகம். 1964இல் ராணுவ ஆட்சியாளர் நே வினின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைதான். அதனால் நே வினுக்கு ஒரு குறைவும் வரவில்லை, இன்னும் 24 வருடம் ஆண்டார். 1988இல் அவரை இறக்கியது உள்ளேயே இருந்து தெருவுக்கு வந்த மாணவர்களும் தொழிலாளிகளும்தான்.

இப்போது 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவையை அமலாக்கியதும் நாட்டை விட்டுப் போக மறுபடி வரிசை. எங்கள் கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிற வயதுப் பையன்கள் தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? இருந்தால் துப்பாக்கியைக் கையில் கொடுத்து சொந்த ஜனங்களையே சுடச் சொல்வார்கள். ஆனால் எதிர்த்து நிற்கக்கூடிய வயதுக்காரர்கள் வெளியே போகப் போக ராணுவத்துக்கு நிம்மதி. போதாததற்கு, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரசு அங்கீகரித்த வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று 2023இல் விதி போட்டார்கள். எங்கள் உளுந்து டாலருக்குச் செய்ததைத்தான் பையன்கள் வியர்வைக்கும் செய்கிறார்கள்.

பாங்காக்கில் இருக்கும் என் அண்ணன் மகன் போன மாதம் போனில் கேட்டான், "சித்தப்பா, வங்கியில் போடவா, உண்டியல்காரரிடம் கொடுக்கவா?" உண்டியல் என்றால் வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது. அதில் ஏமாற்றுபவர்கள் உண்டு, பிடிபட்டால் வாங்குகிறவருக்கு ஜெயில். தெரிந்தேதான் சொன்னேன்: "உண்டியலிலேயே கொடுப்பா. வங்கியில் போட்டால் அம்மாவுக்கும் குறையும், மிச்சம் எங்கே போகும் என்று உனக்கே தெரியும்."